நல்கை அறிவிப்புகளைப் பகிர்வதற்கான இணைய இடைமுகம்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

ஆய்வு நல்கைகள் குறித்த அறிவிப்புகள் பல நிறுவனங்களின் இணையதளங்களில் பல வடிவங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே அமைப்பிலான தரவுகளாக்கி, எந்த மென்பொருளும் கேட்டுப் பெறத்தக்க வகையில் வழங்குவது இணைய இடைமுகத்தின் பணியாகும். அத்தகைய இடைமுகம் எவ்வாறு அமைகின்றது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது. இடைமுகத்தின் பயன் நிரலின் திறனைக் காட்டிலும் பதிவின் உறுப்புகளைப் பிழையற வரையறுப்பதையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதும், அவ்வரையறை அகராதியியல், பதிப்பியல் ஆகிய துறைகளின் பயிற்சியை வேண்டி நிற்கின்றது என்பதும் இதன் கருத்தாகும். பலமுறை எல்லை மாறிய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நல்கை அறிவிப்பு, இணைய இடைமுகம், தரவுப் புலம், ஒருங்குறி, பதிப்பியல், இடப்பெயர்.

முன்னுரை

ஆய்வுக்குப் பொருளுதவி இன்றியமையாதது. அவ்வுதவி உண்டு என்னும் செய்தி உரிய காலத்தில் உரியவரைச் சென்றடைவதும் அதற்கு இணையாக இன்றியமையாதது. பெருநகரப் பல்கலைக்கழகத் துறையில் பணியாற்றுபவருக்கு இச்செய்தி உடன்பணியாற்றுவோர் வழியாகவும், கருத்தரங்கத் தொடர்புகள் வழியாகவும் கிடைத்துவிடுகின்றது. அரியலூர் அரசு கலைக் கல்லூரியிலோ பெரம்பலூரை அடுத்த குரும்பலூரில் உள்ள அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ பணியாற்றும் ஆசிரியருக்கு அவ்வழி எப்போதும் திறந்திருப்பதில்லை. கங்கைகொண்ட சோழபுரம், மாளிகைமேடு, இரஞ்சன்குடிக் கோட்டை, ஏலாக்குறிச்சி எனக் களங்கள் செறிந்த பகுதி இது. களத்திற்கு அண்மையில் இருப்பவர் நல்கைச் செய்திக்குத் தொலைவில் இருப்பாராயின் இழப்பு அவருக்கு மட்டும் உரியதன்று, துறைக்கும் உரியது.

செய்தி சென்ற பழைய வழி

புரவலர் யார், எதை விரும்புபவர், எவர் சொன்னால் கேட்பவர் என்னும் செய்திகள் முற்காலத்தில் ஆள்வழியாகவே சென்றன. இப்பகுதியின் உடையார்பாளையம் ஜமீன் இதற்குத் தக்க சான்றாகும். உ.வே.சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையருக்கு இசையாசிரியராக விளங்கிய கனம் கிருஷ்ணையர் அந்த ஜமீனின் ஆதரவைப் பெற்றவர். உ.வே.சா.வின் இளமைக்காலக் கல்வியின் ஒரு பகுதி அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. ‘என் சரித்திரம்’ காட்டும் அவ்வுலகில் ஆதரவைப் பற்றிய அறிவு உறவினர், ஆசிரியர், நண்பர் ஆகியோர் வழியே கிட்டியது. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோதும் அவர் கையொப்பம் திரட்டியே பொருள் தேட வேண்டியிருந்தது.

தனியார் கொடையில் இம்முறை இயல்பானது. பொதுப்பணத்தில் வழங்கப்படும் நல்கைக்கு அது பொருந்தாது. மக்கள் வரிப்பணத்திலிருந்து வழங்கப்படும் உதவியை அறிந்துகொள்ளும் வாய்ப்பு தகுதியுடையோர் அனைவருக்கும் ஒப்ப அமைதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்புகள் தாமாகவே வெளியிட வேண்டிய செய்திகளை நான்காம் பிரிவில் வரையறுக்கின்றது. வட்டார மொழியையும், அவ்வட்டாரத்தில் செய்தி சென்றடையத்தக்க முறையையும் கருத்திற்கொண்டு அவற்றைப் பரப்ப வேண்டும் என்றும், இயன்றவரை மின்வடிவில் எளிதிற் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகின்றது. எனவே நல்கைச் செய்தியைத் திறந்த தரவாக வழங்குவது சட்டத்தின் நோக்கத்தை நிறைவேற்றும் செயலாகும்.

இன்றைய நிலை

தமிழாய்வாளர் ஒருவர் கவனித்துவர வேண்டிய நிறுவனங்கள் பலவாகும். பல்கலைக்கழக மானியக் குழு, இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம், இந்திய வரலாற்று ஆய்வுக் கழகம், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறை ஆகியவை அவற்றுள் சில. வாய்ப்பு அயல்நாட்டிலிருந்தும் வரலாம். பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் நல்கையைக் கொண்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழக ஊர்ப்புறங்களின் வழக்காற்றுச் சட்ட ஆவணங்களை மின்னுருவாக்கியுள்ளது.

இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளாக வெளியாகின்றன. சில, தாளில் அச்சிட்டுக் கையொப்பமிட்டு மீண்டும் ஒளிவருடப்பட்ட படங்களாகவே அமைகின்றன. மனிதக் கண்ணுக்கு அவை எழுத்து. கணினிக்கு அவை வெறும் படம். கடைசி நாள் நீட்டிக்கப்பட்டால் அச்செய்தி மற்றொரு கோப்பாக வேறோர் இடத்தில் வெளியாகின்றது. ஆய்வாளர் ஒவ்வொரு தளத்தையும் நாள்தோறும் திறந்து பார்த்தாலன்றி இவற்றை அறிய இயலாது.

இடைமுகமும் அதன் இயக்கமும்

ஏபிஐ எனச் சுட்டப்படும் பயன்பாட்டு நிரல் இடைமுகம் என்பது ஒரு மென்பொருள் மற்றொரு மென்பொருளிடம் செய்தி கேட்பதற்கான ஒழுங்குபட்ட வழியாகும். இணையதளம் மனிதர் படிப்பதற்காக அமைவது. இடைமுகம் மென்பொருள் படிப்பதற்காக அமைவது. குறிப்பிட்ட இணைய முகவரிக்கு வினா அனுப்பப்படுகின்றது; விடை, புலப்பெயரும் மதிப்பும் இணைந்த தரவாக, பெரும்பாலும் ஜேசன் என்னும் வடிவில் திரும்புகின்றது. கல்லூரியின் இணையதளம், நூலகத்தின் அறிவிப்புத் திரை, ஆய்வாளரின் கைபேசிச் செயலி ஆகிய அனைத்தும் ஒரே மூலத்திலிருந்து இவ்வாறு செய்தி பெறலாம்.

நல்கை அறிவிப்புகளுக்கான இடைமுகத்திற்கு அடிப்படையில் மூன்று வாயில்கள் போதுமானவை. முதலாவது பட்டியல் வாயில்; துறை, இடம், தகுதி, கடைசி நாள் ஆகியவற்றைக் கொண்டு தேடினால் பொருந்தும் அறிவிப்புகளைப் பகுதி பகுதியாகத் தருவது. இரண்டாவது பதிவு வாயில். ஓர் அறிவிப்பின் அடையாள எண்ணைக் கொடுத்தால் அதன் முழு விவரத்தையும் தருவது. மூன்றாவது மாற்ற வாயில். குறிப்பிட்ட நாளுக்குப் பின்னர் புதிதாகச் சேர்ந்தவற்றையும் திருத்தப்பட்டவற்றையும் மட்டும் தருவது. மூன்றாவது வாயில் இல்லையாயின் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் முழுத் தொகுப்பையும் பெற்று ஒப்பிட நேரும்.

அமெரிக்கக் கூட்டரசு 2003இல் தொடங்கிய கிராண்ட்ஸ்.கவ் தளம் இத்துறையில் முன்னோடியாகும். அதன் இடைமுகத்தில் தேடுவதற்கு ஒரு வாயிலும், தனி அறிவிப்பின் விவரத்தைப் பெறுவதற்கு ஒரு வாயிலும் உள்ளன. இவற்றைப் பயன்படுத்த அடையாளச் சான்று எதுவும் கேட்கப்படுவதில்லை. அறிவிப்பின் நிலை முன்னறிவிக்கப்பட்டது, வெளியிடப்பட்டது, முடிவுற்றது, காப்பகத்தில் சேர்ந்தது என நான்காக வகுக்கப்பட்டுள்ளது. முடிவுற்ற அறிவிப்பு நீக்கப்படாமல் நிலை மட்டும் மாறுவது கருதத்தக்கது. சென்ற ஆண்டு அறிவிப்பு எந்த மாதத்தில் வந்தது என அறிந்தவரே இவ்வாண்டுக்கு முன்கூட்டி ஆயத்தமாக இயலும்.

இந்தியாவில் இதற்கான கொள்கை அடித்தளம் முன்பே இடப்பட்டுள்ளது. தேசியத் தரவுப் பகிர்வு மற்றும் அணுக்கக் கொள்கை 2012இலும், அரசு அமைப்புகளுக்கான திறந்த இடைமுகக் கொள்கை 2015இலும் வெளியாயின. 2022இல் தொடங்கப்பட்ட மைஸ்கீம் தளம் குடிமக்கள் தம் தகுதிக்கேற்ற அரசுத் திட்டங்களைக் கண்டறிய உதவுகின்றது. எனினும் தொடர்ந்து நடைபெறும் நலத்திட்டமும், குறித்த காலத்திற்குள் விண்ணப்பிக்க வேண்டிய ஆய்வு நல்கையும் இயல்பில் வேறானவை. பின்னதற்குக் காலம், துறை, விண்ணப்பப் படிநிலை ஆகியவை உயிர்நாடியாகும்.

பதிவின் உறுப்புகள்

கொடைக் கல்வெட்டுகளைப் பயின்றோர்க்குப் பதிவின் கட்டமைப்பு புதிதன்று. ஆட்சியாண்டு, கொடையாளி, கொடை பெறுவோர், கொடைப்பொருள், அளவு, நோக்கம், நிபந்தனை, ஓம்படை என உறுப்புகள் வகுபட்டு அமைவதால்தான் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகளை ஒப்பிட்டு ஆராய முடிகின்றது. நல்கைப் பதிவும் இவ்வாறே உறுப்புகளாகப் பகுக்கப்பட வேண்டும்: நிலையான அடையாள எண், தலைப்பு, வழங்கும் நிறுவனம், நோக்கம், துறை, தகுதி, இடம், தொகை, தொடக்க நாள், கடைசி நாள், படிநிலை, மூல ஆவணத்தின் முகவரி, நிலை.

ஒவ்வொரு புலத்திலும் ஒரு சிக்கல் மறைந்துள்ளது. ‘ரூ. 5 லட்சம் வரை’ என்னும் தொடர் மேல்வரம்பை மட்டும் கூறுகின்றது. அது ஆண்டுக்கா முழுத் திட்டத்திற்கா என்பது தனிப்புலமாக வேண்டும். ‘05/06’ என எழுதப்பட்ட நாள் ஜூன் 5 எனவும் மே 6 எனவும் பொருள்படும். எனவே ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதும் பன்னாட்டுத் தரமும், நேர வேறுபாட்டுக் குறிப்பும் தேவை. இணையவழி விண்ணப்பத்திற்கு ஒரு நாளும், கையொப்பமிட்ட படி அஞ்சலில் சேர மற்றொரு நாளும் குறிக்கப்படுவதுண்டு. பிரித்தானிய நூலகத் திட்டத்தில் முன்விண்ணப்பம், விரிவான விண்ணப்பம் என இரு படிநிலைகள் உள்ளன. கடைசி நாள் என்னும் ஒரே புலம் இவற்றைத் தாங்காது.

வெற்றுப் புலத்தின் பொருளும் வரையறுக்கப்பட வேண்டும். வயது வரம்பு என்னும் புலம் வெறுமையாக இருப்பின், வரம்பு இல்லை என்பதா, அறிவிப்பில் கூறப்படவில்லை என்பதா, பதிவு செய்தவர் இன்னும் நிரப்பவில்லை என்பதா? கல்வெட்டுப் பதிப்பாசிரியர் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார். எழுதப்படாத இடத்தை அவ்வாறு காட்டார். இவ்வேறுபாட்டைப் பேணாத தரவுத்தொகுப்பு தகுதியுள்ளவரை விலக்கிவிடும்; தகுதியற்றவரை வீணே உழைக்கவும் வைக்கும்.

இடப் புலம்: இரு மாவட்டங்கள் உணர்த்துவது

இடத்தைக் குறிக்க மாவட்டப் பெயர் போதும் எனத் தோன்றலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு அது போதாது என்பதைக் காட்டுகின்றது. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2001இல் அதிலிருந்து அரியலூர் மாவட்டம் உருவாயிற்று. 2002இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூரின் மக்கள்தொகை 5,65,223. அரியலூரின் மக்கள்தொகை 7,54,894.

இதன் விளைவாக, ‘பெரம்பலூர் மாவட்டம்’ என்னும் தொடர் 1998இலும் 2004இலும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் ஜெயங்கொண்டத்தையும் உள்ளடக்கியது; 2010இல் உள்ளடக்காது. 2004இல் பெரம்பலூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கென நல்கை பெற்ற ஒருவரின் பணியைப் பெயரை மட்டும் கொண்டு தேடுவோர், இன்றைய அரியலூரில் அப்பணி முன்னரே நடைபெற்றதை அறியமாட்டார். மறுபுறம், 1990ஆம் ஆண்டின் ஆவணத்தில் இவ்விரு பெயர்களும் மாவட்டப் பெயர்களாக இடம்பெறவே வாய்ப்பில்லை. அங்கு திருச்சிராப்பள்ளியே மாவட்டம்.

எனவே இடப் புலத்தில் பெயர், குறியீட்டு எண், அவ்வெல்லை நடைமுறையில் இருந்த காலம் ஆகிய மூன்றும் இணைந்திருக்க வேண்டும். இன்றைய எல்லைகளுக்கு ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் பேணிவரும் உள்ளாட்சி அடைவின் எண்களைக் கையாளலாம். பழைய எல்லைகளுக்கு முன்னது, பின்னது என்னும் தொடர்புக் குறிப்புகளைச் சேர்க்கலாம். மேலும், அறிவிப்பில் வரும் இடம் மூவகைப்படும்: விண்ணப்பிப்பவர் வாழும் இடம், அவர் பணியாற்றும் நிறுவனத்தின் இடம், ஆய்வுக்களத்தின் இடம். சென்னையில் பணியாற்றுபவர் மாளிகைமேட்டை ஆராயலாம். அரியலூரில் பணியாற்றுபவர் மதுரைச் சுவடிகளை ஆராயலாம். மூன்றையும் ஒரே புலத்தில் இடுவது பிழையாகும்.

எழுத்தும் தேடலும்

தமிழ் அறிவிப்புகளைத் தேடத்தக்கவையாக்குவதில் எழுத்துக் குறியீடு முதற்படி. 1999இல் தாம், தாப் என்னும் குறியீடுகள் தரங்களாக அறிவிக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியீட்டையும் தரமாக ஏற்றது. இடைமுகம் ஒருங்குறியிலேயே வழங்க வேண்டும். ஆயினும் ஒருங்குறிக்குள்ளும் வேறுபாடுகள் உண்டு. ‘கொ’ என்னும் எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் இடலாம். எகரக் குறி, துணைக்கால் என இரண்டாகப் பிரித்தும் இடலாம். இவை நிகரானவை என ஒருங்குறித் தரமே வரையறுத்திருப்பதால், பதியும்போதே ஒரு வடிவுக்கு மாற்றிவிடலாம்.

தரம் தீர்க்காத சிக்கலும் ஒன்றுண்டு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட பனுவல்களில் ரகர மெய்க்கு ஈடாகத் துணைக்காலும் புள்ளியும் இணைந்த வடிவம் பரவலாகக் காணப்படுகின்றது. ‘பெரம்பலூர்’, ‘பெரம்பலூா்’ ஆகியவை கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. அரியலூருக்கும் இது பொருந்தும். இரு மாவட்டப் பெயர்களும் ரகர மெய்யில் முடிவதால், இவ்வேறுபாட்டைத் திருத்தாத தேடல் இரண்டையுமே தவறவிடும். இதற்குத் தமிழ் எழுத்தமைப்பை அறிந்து எழுதப்பட்ட தனி விதி வேண்டும். ஔகாரத்திற்கு ஒகரமும் ளகரமும் இடப்படுவதும் இத்தகையதே.

அடுத்தது சொல். நிதியுதவி, நிதி உதவி, நிதிநல்கை, மானியம், உதவித்தொகை ஆகியவை சில இடங்களில் ஒரு பொருளன. சில இடங்களில் வேறுபட்டவை. நாட்டுப்புறவியல் எனத் தேடுவோருக்கு நாட்டார் வழக்காற்றியல் என்னும் தலைப்பிலான அறிவிப்பும் கிடைக்க வேண்டும். ஆகவே துறைப்பெயர்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் மாற்றுச் சொற்களைத் தொகுத்த சொற்பட்டியல் தேவைப்படுகின்றது. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணியாற்றிய வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) இங்கு நினைக்கத்தக்கது. நிகண்டுகளை மனப்பாடம் செய்தோர்க்கே எளிதாக இருந்த சொல்லறிவை அகர வரிசையில் வைத்து, தேடுவோர் எவர்க்கும் கிட்டச் செய்தது அந்நூல். சொல்லை எவ்வாறு அடுக்குவது என்னும் முடிவே எவருக்கு அது பயன்படும் என்பதையும் முடிவு செய்கின்றது.

தகுதிப் புலம்

தகுதியே மிகுந்த கவனம் வேண்டும் புலமாகும். ‘கல்லூரி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம்’ என ஓர் அறிவிப்பு கூறுவதாகக் கொள்வோம். அரசு கலைக் கல்லூரிகளில் கற்பிப்போருள் கௌரவ விரிவுரையாளர்களும் உள்ளனர். அவர்கள் இத்தொடருள் அடங்குவரா என்பது அறிவிப்பின் பிற்பகுதியில் வரும் ‘நிலையான பணியிடத்தில் உள்ள’ என்னும் அடைமொழியைச் சார்ந்தது. பதிவு செய்பவர் அவ்வடைமொழியை விட்டுவிட்டால் தகுதியற்றோர் பலர் விண்ணப்பித்து ஏமாறுவர். அறிவிப்பில் இல்லாத அடைமொழியைச் சேர்த்துவிட்டாலோ உரியவர் விலக்கப்படுவர். பணி நிலை, கல்வித் தகுதி, வயது, நிறுவன வகை ஆகியவற்றைத் தனித்தனிப் புலங்களாக்குவதோடு, அறிவிப்பின் மூலத் தொடரையும் மாற்றமின்றி உடன் தருவதே பாதுகாப்பான வழி. புலம் தேடுவதற்கு, மூலத் தொடர் முடிவு செய்வதற்கு.

மூலமும் திருத்தமும்

இடைமுகத்தில் உள்ள பதிவு ஒரு படியேயன்றி மூலம் அன்று. மூலபாடத்திற்கும் படிகளுக்கும் இடையிலான உறவைப் பதிப்பியல் பேணுவதுபோல இடைமுகமும் பேண வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் மூல ஆவணத்தின் முகவரி, அது பார்க்கப்பட்ட நாள், பதிவு திருத்தப்பட்ட நாள், திருத்தப்பட்ட புலம் ஆகியவை இடம்பெற வேண்டும். கடைசி நாள் நீட்டிக்கப்படும்போது பழைய நாளை அழித்துவிடாமல் திருத்த வரலாறாக வைத்தல் நன்று. நிறுவனம் தன் தளத்தை மாற்றியமைக்கும்போது பழைய இணைப்புகள் அறுந்துபோவது வழக்கம். எனவே மூலக் கோப்பின் படியைச் சேமிப்பதும் தேவையாகின்றது.

அடையாள எண்ணும் இவ்வாறே நிலைபெற வேண்டும். ஒருமுறை வழங்கிய எண்ணை வேறோர் அறிவிப்புக்கு மீண்டும் வழங்கலாகாது. புலங்களின் அமைப்பை மாற்ற நேர்ந்தால் இடைமுகத்தின் பதிப்பு எண்ணை முகவரியிலேயே உயர்த்தி, பழைய பதிப்பைக் குறித்த காலம்வரை இயங்கச் செய்தல் வேண்டும். இல்லையேல் அதை நம்பி அமைந்த கல்லூரித் தளங்கள் ஒரே நாளில் செயலிழக்கும்.

பொறுப்பு

தரவை யார் பேணுவது என்பது நிரலுக்கு அப்பாற்பட்ட வினா. நல்கை வழங்கும் நிறுவனமே தன் அறிவிப்பைத் தரப்படுத்திய வடிவில் வெளியிடுவது முறையானது. பிறர் படியெடுக்கும் தேவையும் பிழையும் அப்போது குறையும். அந்நிலை எய்தும்வரை பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் நூலகங்களும் இப்பணியைப் பகிர்ந்துகொள்ளலாம். பெரம்பலூர், அரியலூர் அரசுக் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள், இணைவுக் கல்லூரிகள் அனைத்திற்கும் ஒரே தொகுப்பை வழங்க இயலும். படிக்கும் வாயில்கள் அனைவருக்கும் திறந்திருக்கலாம். பதியும் வாயில் பொறுப்பேற்ற பதிப்பாசிரியர்களுக்கு மட்டும் சாவியுடன் திறக்க வேண்டும். விண்ணப்பிப்போரின் தனிப்பட்ட செய்திகள் எவையும் இத்தொகுப்பில் இடம்பெறத் தேவையில்லை. அறிவிப்பைப் பகிர்வதும் விண்ணப்பத்தைப் பெறுவதும் வேறு வேறு பணிகள்.

முடிவுரை

நல்கை அறிவிப்புகளுக்கான இடைமுகத்தை இயக்கும் நிரல் சிறியது; அதற்கான கருவிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கடினமானது, ஓர் அறிவிப்பைப் படித்து அதன் ஒவ்வொரு தொடரையும் உரிய புலத்தில் வைப்பதாகும். மாவட்டப் பெயர் எக்காலத்து எல்லையைக் குறிக்கின்றது, ஆசிரியர் என்னும் சொல் யாரை உள்ளடக்குகின்றது, வெற்றிடம் எதை உணர்த்துகின்றது, இருவகையாக எழுதப்பட்ட ஊர்ப்பெயர் ஒன்றா இரண்டா என்னும் வினாக்கள் அனைத்தும் பனுவல் பற்றியவை. தமிழ்த்துறைகள் இவ்வினாக்களைக் கல்வெட்டிலும் சுவடியிலும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வருகின்றன. இவ்விடைமுகத்தின் வரைவைக் கணினித்துறையிடம் மட்டும் ஒப்படைத்துவிட்டு, விளைந்ததைப் பயன்படுத்துவோராக மட்டும் தமிழாய்வாளர் நிற்பாராயின், துறைப்பெயர்களும் தகுதிச் சொற்களும் ஆங்கிலப் பட்டியல்களின் மொழிபெயர்ப்புகளாகவே அமையும். சொற்பட்டியலையும் புல வரையறையையும் தமிழ்த்துறைகளே முன்னின்று வகுக்கும்போது, குரும்பலூரில் இருந்து தேடுபவருக்கும் சென்னையில் இருந்து தேடுபவருக்கும் ஒரே நாளில் ஒரே செய்தி கிடைக்கும்.